காசா, காணியா, கடமையா: படைக் கூட்டணியில் ஒரு சிறிய நாடு எதைக் கொடுப்பது?

2025 ஜூன் மாதம் நெதர்லாந்தின் ஹேக் நகரில் கூடிய நேட்டோ (வட அமெரிக்க, ஐரோப்பிய நாடுகளின் படைக் கூட்டணி) நாடுகள், 2035 ஆம் ஆண்டுக்குள் தங்கள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதத்தைப் பாதுகாப்புக்கு ஒதுக்குவதாக உறுதி கொடுத்தன. முல்லைத்தீவு மாவட்டத்தில் உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். அந்தச் செய்தியைப் பாடத்தோடு சேர்த்துப் பேசியபோது, "சேர், ஒரு சின்ன நாடு இப்படியொரு கூட்டணியில் இருந்தால் தன் பங்கை எந்த வழியில் கொடுப்பது நல்லது?" என்று ஒரு மாணவி கேட்டாள். பாடநூலில் இதற்கு விடை இல்லை. ஆகவே வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கலாம் என்று இதை எழுதுகிறேன்.

இலங்கை எந்தப் படைக் கூட்டணியிலும் இல்லை. 1976 இல் அணிசேரா நாடுகளின் உச்சி மாநாட்டைக் கொழும்பில் நடத்திய நாடு இது. என்றாலும் வன்னியில் வாழ்பவர்கள் இந்தக் கேள்வியை மற்றவர்களைவிடக் கூர்மையாகக் கேட்க முடியும். பாதுகாப்புச் செலவு என்று வரவு செலவுத் திட்டத்தில் எழுதப்படுவது, கடைசியில் யாரோ ஒருவருடைய காணியில் வந்து நிற்கிறது, யாரோ ஒருவருடைய கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறது. உலகத்தின் கூட்டணிக் கணக்குகள் எல்லாவற்றிலும் விடுபட்டிருப்பது இந்த ஒன்றுதான் என்பது என் எண்ணம். அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

சதவீதம்

இன்று அதிகம் பேசப்படுவது சதவீத முறை. ஒவ்வொரு நாடும் தன் உற்பத்தியில் குறித்த பங்கைத் தன் படைக்கே செலவிட வேண்டும். பலரும் நினைப்பதுபோல் இந்தப் பணம் எந்தப் பொதுப் பெட்டிக்கும் போவதில்லை. ஒரு நாடு தன் சிப்பாய்க்குச் சம்பளம் கொடுத்தாலும் தனக்கென்று ஒரு டாங்கியை வாங்கினாலும் அதுவே கூட்டணிக்கான அதன் பங்களிப்பாகக் கணக்கிடப்படுகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் "ஐரோப்பியர்கள் அமெரிக்காவுக்குப் பாக்கி வைத்திருக்கிறார்கள்" என்ற தேர்தல் மேடைப் பேச்சைப் பலர் அப்படியே நம்புகிறார்கள். அப்படி எந்தப் பாக்கியும் இல்லை.

2 சதவீதம் என்ற அளவை நேட்டோவின் பாதுகாப்பு அமைச்சர்கள் 2006 இல் ஏற்றுக்கொண்டார்கள். கிரைமியாவை ரஷ்யா கைப்பற்றிய 2014 ஆம் ஆண்டில், வேல்ஸ் மாநாட்டில் கூடிய தலைவர்கள் பத்து ஆண்டுகளுக்குள் அந்த அளவை நோக்கிப் போவதாக வாக்களித்தார்கள். அதில் ஐந்தில் ஒரு பங்கு புதிய பெரிய தளபாடங்களுக்குப் போக வேண்டும் என்றும் சொன்னார்கள். அப்போது அந்த அளவில் இருந்தவை அமெரிக்கா, பிரித்தானியா, கிரீஸ் ஆகிய மூன்று மட்டுமே. 2025 இல் படை வைத்திருக்கும் எல்லா உறுப்பு நாடுகளும் 2 சதவீதத்தை எட்டும் என்று கூட்டணி மதிப்பிட்டது. இந்த ஏற்றத்தில் வாக்குறுதிக்கு இருந்த பங்கு சிறியது. 2022 பெப்ரவரியில் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் புகுந்தது. அடுத்த சில நாட்களுக்குள் ஜேர்மனி 100 பில்லியன் யூரோ சிறப்பு நிதியை அறிவித்தது. எல்லைக்கு மிக அருகில் இருக்கும் போலந்து 4 சதவீதத்தையும் தாண்டியது. அச்சம் வாசலுக்கு வந்தபோதுதான் பணப்பைகள் திறந்தன.

இந்த முறைக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: யாரும் சரிபார்க்கலாம். ஒரு பத்திரிகையாளரோ ஒரு பாராளுமன்ற உறுப்பினரோ இரண்டு எண்களை எடுத்து ஒன்றை மற்றதால் வகுத்தால் போதும். பணக்கார நாட்டுக்கும் ஏழை நாட்டுக்கும் ஒரே அளவுகோல் என்பதால் பார்வைக்கு நீதியாகவும் தெரிகிறது.

ஆனால் அது அளப்பது செலவை மட்டும்தான். அந்தச் செலவால் யாருக்கு என்ன காவல் கிடைத்தது என்பதை அது சொல்லாது. கிரீஸ் நீண்ட காலமாக இந்த அளவுக்கு மேலேயே இருந்து வந்தது; அதற்குப் பெரும் காரணம் அதே கூட்டணியின் இன்னோர் உறுப்பு நாடான துருக்கியோடு அதற்குள்ள பகை. ஓய்வு பெற்ற வீரர்களுக்குக் கொடுக்கும் ஓய்வூதியமும் இந்தக் கணக்கில் சேரும். மறுபக்கம் டென்மார்க்கைப் பாருங்கள். அளவுக்கு வெகு கீழே இருந்த காலத்தில் அது ஆப்கானிஸ்தானுக்குப் படை அனுப்பி நாற்பதுக்கு மேற்பட்ட வீரர்களை இழந்தது. மக்கள்தொகையோடு வைத்துப் பார்த்தால் கூட்டணியின் மிகக் கடுமையான இழப்புகளில் அதுவும் ஒன்று. உயிரைக் கொடுத்த நாடு பட்டியலில் பின்தங்கி நின்றது. அப்படியொரு பட்டியலை நியாயத்தின் அளவுகோலாக என்னால் ஏற்க முடியவில்லை.

வகுக்கும் எண்ணிலும் சிக்கல் இருக்கிறது. பொருளாதாரம் சுருங்கினால், ஒரு சதம் கூடுதலாகச் செலவிடாமலே சதவீதம் ஏறிவிடும். லக்சம்பேர்க் போன்ற குட்டி நாட்டில் வெளிநாட்டு நிறுவனங்களும் எல்லை கடந்து வேலைக்கு வருபவர்களும் உள்நாட்டு உற்பத்தியைப் பெரிதாக்கிக் காட்டுவதால், அந்த நாட்டுக்கு மட்டும் தேசிய வருமானத்தை வைத்துக் கணக்கிட இடம் கொடுக்க வேண்டியிருந்தது.

ஹேக் நகரில் எடுத்த புதிய முடிவு இந்தச் சிக்கல்களை இன்னும் பெரிதாக்கியிருக்கிறது. 5 சதவீதத்தில் 3.5 நேரடிப் பாதுகாப்புச் செலவு, மீதி 1.5 வீதிகள், பாலங்கள், கணினி வலையமைப்புப் பாதுகாப்பு போன்றவற்றுக்கு. உடனே இத்தாலியில், சிசிலித் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கத் திட்டமிட்டிருந்த மெசினா நீரிணைப் பாலத்தையும் இதில் சேர்க்கலாமா என்ற பேச்சு எழுந்தது. ஸ்பெயின், தனக்குத் தரப்பட்ட கடமைகளை 2.1 சதவீதத்திலேயே நிறைவேற்ற முடியும் என்று சொல்லி விலகி நின்றது. ஸ்பெயினைப் பலர் திட்டினார்கள். எனக்கு அதன் வாதத்தில் நியாயம் தெரிகிறது: கடமை முடிகிறதா என்று பாருங்கள், எவ்வளவு செலவாயிற்று என்று பார்க்காதீர்கள் என்பதுதான் அது. ரஷ்ய எல்லையிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் ஒரு நாடு அப்படிச் சொல்வது எளிது என்பதையும் மறுக்க மாட்டேன்.

பொதுப் பெட்டி

உண்மையான பொதுப் பெட்டி ஒன்றும் நேட்டோவில் இருக்கிறது. தலைமையகம், கட்டளை அமைப்புகள், கூட்டாகப் பயன்படுத்தும் சில வசதிகள் ஆகியவற்றுக்கு அதிலிருந்து பணம் போகிறது. 2025 இல் அதன் அளவு ஏறத்தாழ 4.6 பில்லியன் யூரோ; உறுப்பு நாடுகளின் மொத்தப் பாதுகாப்புச் செலவில் அது 0.3 சதவீதம் அளவுதான். தேசிய வருமானத்தை அடிப்படையாகக் கொண்ட சூத்திரத்தால் பங்கு பிரிக்கப்படுகிறது. முன்பு அமெரிக்கா 22 சதவீதத்துக்கு மேல் கொடுத்து வந்தது. 2019 இல் எட்டிய உடன்பாட்டின்படி அது ஏறத்தாழ 16 சதவீதமாகக் குறைந்து, ஜேர்மனியின் பங்குக்குச் சமமாயிற்று.

எங்கள் ஊர்களில் வாய்க்கால் துப்பரவுக்குக் கமக்காரர் அமைப்பு ஏக்கர் கணக்கில் பணம் சேர்ப்பதைப் போன்றது இது. வயல் கூடினால் பங்கும் கூடும். வேலை எல்லோர் கண் முன்னாலும் நடக்கும். கணக்கைக் கூட்டத்தில் கேட்கலாம்.

ஒரு சிறிய நாட்டுக்கு இதைவிடப் பாதுகாப்பான முறை இல்லை. கொடுப்பது சிறு தொகை, ஆனால் முடிவெடுக்கும் மேசையில் முழு இருக்கை. வானிலிருந்து கண்காணிக்கும் அவாக்ஸ் விமானங்களைத் தனியே வாங்கும் வலிமை எந்தச் சிறு நாட்டுக்கும் இல்லை. பல நாடுகள் சேர்ந்து வாங்கிய அந்த விமானங்கள் ஜேர்மனியின் கைலன்கியர்சன் தளத்திலிருந்து பறக்கின்றன, அவற்றின் பதிவோ லக்சம்பேர்க்கில் இருக்கிறது. குறை என்னவென்றால் பெட்டி மிகச் சிறியது. அதைப் பெரிதாக்க எல்லா உறுப்பினரும் இணங்க வேண்டும். தன் பணத்தைப் பிறர் கையில் விட எந்த நாட்டின் நிதியமைச்சரும் எளிதில் ஒப்புவதில்லை.

காவலுக்குக் காசு

மூன்றாவது வழி, படையை வைத்திருக்கும் பெரிய நாட்டுக்குச் சிறிய நாடு பணம் கொடுப்பது. ஆசியாவில் இதுவே வழக்கம். 1978 இல் ஜப்பான் அமெரிக்கத் தளங்களின் செலவில் ஒரு பகுதியை ஏற்கத் தொடங்கியது. 1987 முதல் இதற்கெனத் தனி ஒப்பந்தங்கள் இருக்கின்றன. 2022 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஜப்பான் ஒத்துக்கொண்ட தொகை ஏறத்தாழ 1.05 டிரில்லியன் யென். தளங்களில் வேலை செய்யும் ஜப்பானியரின் சம்பளம், மின்சாரம், கட்டடங்கள் என்று அது பிரிகிறது.

தென்கொரியாவும் 1991 முதல் இப்படிக் கொடுத்து வருகிறது. அங்கே நடந்ததைக் கவனமாகப் பார்க்க வேண்டும். 2019 இல் அது கொடுத்தது 1.04 டிரில்லியன் வொன், அதாவது ஒரு பில்லியன் டொலருக்குச் சற்றுக் குறைவு. அடுத்த ஒப்பந்தத்துக்கு ட்ரம்ப் நிர்வாகம் கேட்டது ஏறத்தாழ 5 பில்லியன் டொலர். பேச்சு முறிந்து ஒப்பந்தம் காலாவதியானது. 2020 ஏப்ரலில் தளங்களில் வேலை செய்த ஏறத்தாழ 4,000 கொரியர்கள் சம்பளமின்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். கூட்டணித் தலைவர்கள் பேரம் பேசினார்கள். அடுப்பு அணைந்தது சமையல்காரர், காவலாளி, எழுதுவினைஞர் வீடுகளில். 2021 இல் தொகை 13.9 சதவீதம் கூட்டப்பட்டு உடன்பாடு வந்தது.

காசு கொடுப்பதில் கண்ணியமும் கிடைப்பதில்லை. 1991 வளைகுடாப் போரின் செலவு ஏறத்தாழ 61 பில்லியன் டொலர். அதில் பெரும் பகுதியைப் பிற நாடுகளே அமெரிக்காவுக்குக் கொடுத்தன. ஜப்பான் மட்டும் 13 பில்லியன் கொடுத்தது. போர் முடிந்ததும் குவைத் அமெரிக்கப் பத்திரிகைகளில் நன்றி விளம்பரம் போட்டது. அதில் ஜப்பானின் பெயர் இல்லை.

இதற்கெல்லாம் மூத்த பாடம் கிரேக்கத்தில் இருக்கிறது. கி.மு. 478 இல் பாரசீகத்துக்கு எதிராக ஏதென்ஸின் தலைமையில் ஒரு கூட்டணி அமைந்தது. கப்பல் கொடுக்கலாம், அல்லது பணம் கொடுக்கலாம். அரிஸ்டைடீஸ் என்பவர் பங்கைப் பிரித்தார். மொத்தம் 460 தாலந்து (அக்காலக் கிரேக்கப் பண அளவு). அவருடைய பிரிப்பு நேர்மையானது என்று எல்லோரும் ஏற்றார்கள். கடலில் மாதக்கணக்கில் அலைய விரும்பாத நகரங்கள் மெல்ல மெல்லக் கப்பலை விட்டுப் பணத்துக்கு மாறின. அந்தப் பணத்தில் ஏதென்ஸ் தன் கப்பற்படையைப் பெருக்கியது. பின்னர் நக்சோஸ் தீவு விலக விரும்பியபோது, அதை அடக்கிய படை அந்தக் கூட்டுப் பணத்தில் வளர்ந்த படைதான். கி.மு. 454 இல் கருவூலமே டீலோஸ் தீவிலிருந்து ஏதென்ஸுக்குப் போய்விட்டது. பங்கு நியாயமாகப் பிரிக்கப்பட்டிருந்தது உண்மை. ஆனாலும் பணம் கொடுத்தவர்கள் குடிபடைகளானார்கள், கப்பலை விடாத லெஸ்போஸ், கியோஸ் போன்ற தீவுகள் நெடுங்காலம் தலை நிமிர்ந்து நின்றன. யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதற்கு முன்னால், கொடுத்த பின் ஆற்றல் யார் கையில் மிஞ்சுகிறது என்று கேட்க வேண்டும்.

எழுதப்படாத பங்கு: காணி

இனி நான் முன்னரே சொன்ன விடயத்துக்கு வருகிறேன். ஒகினாவா, ஜப்பானின் நிலப்பரப்பில் 0.6 சதவீதம். ஜப்பானில் அமெரிக்கப் படையினர் தனித்துப் பயன்படுத்தும் தளங்களின் பரப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் அந்தச் சிறு தீவுகளில்தான் இருக்கிறது. தோக்கியோ யென்னில் செலுத்துவதைப் பட்டியலில் காணலாம். ஒகினாவா மக்கள் செலுத்துவதைப் பட்டியலில் தேடினால் கிடைக்காது. ஹெனோகோ கடற்கரையில் கடலை நிரப்பிப் புதிய தளம் அமைப்பது பற்றி 2019 பெப்ரவரியில் அவர்கள் வாக்களித்தார்கள். ஏறத்தாழ 72 சதவீதத்தினர் வேண்டாம் என்றார்கள். வேலை நிற்கவில்லை.

தென்கொரியாவின் பியோங்தேக் நகரில் இருக்கும் அமெரிக்கப் படையின் ஹம்ஃப்ரீஸ் முகாமின் விரிவாக்கத்துக்கு ஆன செலவு 10 பில்லியன் டொலருக்கு மேல். அதில் பத்தில் ஒன்பது பங்கைக் கொரியா ஏற்றது. இந்த எண்ணை எல்லா அறிக்கைகளிலும் காணலாம். அந்த முகாம் விரிந்தது தேச்சூரி என்ற நெல் விவசாயிகளின் கிராமத்தின் மேல். அவர்கள் வயலை விடமாட்டோம் என்று போராடினார்கள். 2006 இல் பொலிஸாரும் படையினரும் உள்ளே வந்தார்கள். 2007 இல் கடைசிக் குடும்பங்களும் வெளியேறின. நெல் விளையும் மண்ணை விட்டுப் போவது என்றால் என்ன என்று வன்னியில் யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 2017 இல் கேப்பாப்பிலவு மக்கள் தங்கள் பூர்வீகக் காணிகளைக் கேட்டுப் படை முகாமின் எதிரே வெயிலிலும் பனியிலும் அமர்ந்திருந்தார்கள். அங்கே இருந்தது அந்நிய நாட்டுத் தளம் அல்ல, கூட்டணியும் அல்ல, சூழ்நிலைகள் வேறு. ஆனால் காணியை இழந்தவரின் கணக்கு எந்த நாட்டிலும் ஒன்றுதான்: ஒரு போகம் தவறினால் அந்தப் போகம் திரும்பி வராது, நட்ட தென்னை காய்க்கும் காலத்தில் அதன் கீழே நிற்பவர் வேறு யாரோ.

காணியைக் கொடுப்பது ஒரு நாட்டுக்கு எப்போதும் தீமை என்று நான் சொல்லவில்லை. ஐஸ்லாந்துக்குப் படையே இல்லை. 1949 இல் நேட்டோவைத் தொடங்கிய 12 நாடுகளில் அதுவும் ஒன்று. வட அத்திலாந்திக் நடுவே அது இருக்கும் இடமே அதன் பங்களிப்பு. ஆனால் இடத்தின் பெறுமதியைத் தீர்மானிப்பது மற்றவர். 2006 இல் அமெரிக்கா கெப்லாவிக் தளத்தைத் தானாகவே காலி செய்தது. ஐஸ்லாந்தின் விருப்பம் அதைத் தடுக்கவில்லை. இதற்கு நேர் எதிரான நிலை கியூபாவில். குவாண்டனாமோ வளைகுடாவைக் கடற்படைத் தளத்துக்காக 1903 இல் அந்த நாடு அமெரிக்காவுக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. 1934 உடன்படிக்கையின்படி இரு தரப்பும் இணங்கினால் அல்லது அமெரிக்கா தானே விட்டுப்போனால் மட்டுமே குத்தகை முடியும். ஆண்டு வாடகை 4,085 டொலர். பல பத்தாண்டுகளாகக் கியூபா அந்தக் காசோலையை மாற்ற மறுக்கிறது; தளம் அசையவில்லை. எங்கள் நாட்டுக்கு அந்தக் கதி வரவில்லை. 1947 பாதுகாப்பு உடன்படிக்கையின்படி பிரித்தானியா வைத்திருந்த திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்க விமானத் தளமும், எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் ஆட்சியில் 1957 இல் பேச்சுவார்த்தை மூலமே திரும்பி வந்தன. ஒரு சிறிய நாடு அதைச் செய்ய முடிந்தது என்பதை மாணவர்கள் அறிய வேண்டும்.

கடமையைப் பிரித்தல்

கடைசி வழி, ஆளுக்கொரு வேலை. எஸ்தோனியா, லத்வியா, லித்துவேனியா மூன்றுக்கும் போர் விமானங்கள் இல்லை. 2004 இல் அவை சேர்ந்த நாள் முதல் மற்ற உறுப்பு நாடுகள் முறை வைத்து அவற்றின் வானத்தைக் காக்கின்றன. அந்த மூன்றும் தனித்தனியே விமானப்படை அமைக்க முயன்றிருந்தால் கையில் இருந்த பணம் எல்லாம் அதிலேயே கரைந்திருக்கும். எஸ்தோனியா வேறொன்றைக் கொடுத்தது. 2007 இல் அந்த நாட்டின் கணினி வலையமைப்புகள் மீது பெரும் தாக்குதல் நடந்தது. 2008 இல் தலைநகர் தலினில் கணினிப் பாதுகாப்புக்கான நேட்டோ மையம் ஒன்று அமைந்தது. அடி வாங்கிய இடத்தில் கற்றதையே கூட்டணிக்கான பங்காக்கினார்கள். பெல்ஜியமும் நெதர்லாந்தும் கடற்படைப் பயிற்சியையும் பராமரிப்பையும் தமக்குள் பிரித்துக்கொண்டு பல ஆண்டுகளாக ஒன்றாக இயங்குகின்றன.

இதில் ஒரு பயம் இருக்கிறது. வானத்தைக் காக்க ஒப்புக்கொண்டவர் ஓர் இரவு வராவிட்டால்? அந்தப் பயம் நியாயமானது. மன்சர் ஓல்சன், ரிச்சர்ட் செக்ஹவுசர் என்ற இரு அமெரிக்கப் பொருளியலாளர்கள் 1966 இல் காட்டியதுபோல, கூட்டணியில் பெரியவர் தன் நலனுக்காகவே அதிகம் செலவிடுவார், சிறியவர் அந்த நிழலில் ஒதுங்கிக்கொள்வார். நிழலில் ஒதுங்கியவருக்கு மரம் எப்போது வெட்டப்படும் என்று தெரியாது. ஆயினும் ஒரு வேலையைத் திறமையாகச் செய்பவரை மற்றவர்கள் எளிதில் கைவிட மாட்டார்கள்; காசு மட்டும் கொடுப்பவரைக் கைவிடுவதற்கு ஒரு கடிதம் போதும்.

என் தெரிவு

ஆகவே அந்த மாணவிக்கு நான் சொல்லும் விடை இது. சிறிய நாடு தன் பங்கின் முதற்பகுதியைப் பொதுப் பெட்டியில் வருமானச் சூத்திரப்படி போட வேண்டும். பெரிய பகுதியைத் தான் நன்றாகச் செய்யக்கூடிய ஒரு கடமையில் வைக்க வேண்டும். சதவீதத்தை உள்நாட்டுப் பாராளுமன்றத்தில் கணக்குக் கேட்கும் கருவியாக வைத்துக்கொள்ளலாம். அதை இலக்காக்கக் கூடாது. காவல்காரருக்கு நேரடியாகக் காசு கொடுக்கும் வழியை, வேறு வழியே இல்லாதபோது மட்டும், குறுகிய காலத்துக்கு ஏற்கலாம். போலந்தைப்போல் பகைவனின் எல்லையில் இருக்கும் நாட்டுக்கு என் அறிவுரை பொருந்தாது. அங்கே சொந்தப் படையைப் பெருக்குவதைத் தவிர வேறு நம்பிக்கையான வழி தெரியவில்லை, அதற்கு எந்தச் சதவீதமும் அதிகமல்ல என்று அந்த மக்கள் கருதினால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

காணி கொடுப்பதென்றால் நான்கு விடயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும்: முடியும் ஆண்டு, உரிமையாளருக்கு ஆண்டுதோறும் நேரடியாகச் சேரும் வாடகை, அந்தப் பகுதி மக்களின் வாக்கு, திரும்பக் கொடுக்கும்போது நிலம் இருக்க வேண்டிய நிலை. குண்டும் கண்ணிவெடியும் எண்ணெயும் கலந்த மண்ணைத் திரும்பக் கொடுப்பது திரும்பக் கொடுத்ததாகாது. இங்கே கண்ணிவெடி அகற்றும் வேலை போர் முடிந்து எத்தனை ஆண்டுகள் நீண்டது என்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த நான்காவது நிபந்தனையின் கனம் புரியும்.

ஹேக் உறுதிமொழியை 2029 இல் மீளாய்வு செய்வதாக நேட்டோ நாடுகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அந்த அட்டவணையில் நாட்டின் பெயருக்கும் சதவீதத்துக்கும் பக்கத்தில் இன்னொரு நிரலையும் சேர்க்கக் கேட்க வேண்டும்: படைகளின் கையில் எத்தனை ஏக்கர், அவை யாருடையவை, எந்த ஆண்டு வரை.